கடலோரத்தில் பிள்ளைகள் வடிவமைத்த சிற்பப் பூங்கா: உப்புக்காற்றுக்கு எந்த சிமெண்ட், எவ்வளவு கனம்?

பூங்கா_மண்டபம்:
ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டர் தள்ளி ஊராட்சி இடம். 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 20 செ.மீ. உயரத்தில் களிமண் உருவங்கள் பிடித்திருக்கிறார்கள்: ஆவுளியா (கடல்பசு), ஆமை, கடல்குதிரை, இரண்டு தலை நண்டு. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சிமெண்ட் பூசி ஒன்றரை மீட்டருக்குப் பெருக்கவேண்டும். பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். வெடிக்காமல் இருக்க என்ன வழி? மேலே சிப்பி, பவளக்கல் ஒட்டலாமா?

கரைக்கொத்து:
வெடிப்பு உள்ளே இருக்கும் கம்பியிலிருந்து வருவது. உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டினால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பூச்சு பிளந்துவிடும். ஆகவே முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு. உவர்ப்பான போர் தண்ணீர் கலவைக்கும் ஆகாது, நனைக்கவும் ஆகாது. கடல் மணலைத் தொடவே வேண்டாம்.

கடைக்காரர் 'கடலோரமா? எஸ்.ஆர்.சி. வாங்குங்க' என்பார். அது சல்பேட்டைத் தாங்கும் சிமெண்ட். கம்பியைக் காக்க இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட்தான் மேல். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த எம்-சாண்ட், மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது. துத்தநாகம் பூசிய 8 மி.மீ. கம்பி, அதே பூச்சுள்ள வலை இரண்டு அடுக்கு, வலைக்கு வெளியே 25 மி.மீ. சிமெண்ட் பூச்சு. கட்டுக்கம்பியின் முனைகளை உள்பக்கம் மடக்குங்கள். முதல் துருக்கறை அங்கேதான் தெரியும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பூசாதீர்கள். காற்று ஈரத்தை உறிஞ்சி மயிர்வெடிப்பு விடும். எப்போது பூசினாலும் ஈரச் சாக்கு போட்டு 14 நாள் நனைக்கவேண்டும்.

வடிவம்_மாறாமல்:
மேலே சொன்ன 25 மி.மீ.யில் ஒரு சிக்கல். 20 செ.மீ. ஒன்றரை மீட்டரானால் ஏழரை மடங்கு. பிள்ளை 5 மி.மீ. கனத்தில் பிடித்த துடுப்பு 37 மி.மீ. ஆகும், இருபுறப் பூச்சுக்கே 50 மி.மீ. வேண்டும், வலைக்கு இடமே இல்லை. துடுப்பு, வால், கொடுக்கு எதுவும் ஒரு செ.மீ.க்கு மெலியாமல் பிள்ளைகளையே திரும்பப் பிடிக்கச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் விட்டால் கை தானாக யாளி பக்கம் போகும், நண்டுக்கு ஒரு தலைதான் மிஞ்சும்.

பெருக்கும் முறை: மாதிரியின் நகலை 2 செ.மீ.க்கு ஒரு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் வரைதாளில் வரைந்து, ஏழரை மடங்கில் கம்பி வளையம் வளைத்து, 15 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். மூலத்தை அறுக்காதீர்கள், பிள்ளை அழும்.

விளையாட்டிடம்:
9 முதல் 23 செ.மீ. வரையுள்ள சந்து ஆபத்து: உடம்பு நுழையும், தலை மாட்டும். நண்டின் கொடுக்குக்குள் இதை அளந்து பாருங்கள். 60 செ.மீ.க்கு மேல் ஏறமுடிகிற உருவங்களைச் சுற்றி 30 செ.மீ. ஆழ மணல் படுக்கை வேண்டும். கடல்குதிரையில் கால் வைக்கப் பிடி விடாமல் வழுக்கலாக விடுங்கள்.

பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்ததையும் எடுக்கக் கூடாது. உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். ஓரம் தேய்த்த வெளிர்நிற டைல் ஓட்டுத்துண்டு போதும். கறுப்பு ஓடு வெயிலில் சுடும். கழிவுப் பொருளில் சிற்பம் செய்த சண்டிகர் பாறைத் தோட்டத்திலும் உடைந்த பீங்கானும் ஓடும்தான்.

பூங்கா_மண்டபம்:
அனுமதி ஏதாவது வேண்டுமா?

விளையாட்டிடம்:
உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் வருவதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி பொருந்தும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தில் கேட்டுவிடுங்கள்.