சென்சாரில் அளவு ஏறினால் கையும் பெருக்குமா?

டம்பெல்_தாஸ்:
ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டில் ஒரு மஸில் சென்சாரை மாட்டி பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) மேல் ஒட்டிப் பார்க்கிறேன். அதே டம்பெல்தான். நின்றுகொண்டு கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது) அடித்தால் ஒரு அளவு, உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி கான்சென்ட்ரேஷன் கர்ல் அடித்தால் கோடு எங்கேயோ போகிறது. அப்படியென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் அடித்தால் போதுமா? ஜிம்மில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிசியோ_அக்கா:
தம்பி, நீங்கள் பார்த்தது பொய்யில்லை. 2014-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் லா கிராஸ் பல்கலைக்கழகத்தில் எட்டு பைசெப்ஸ் பயிற்சிகளை இஎம்ஜி (உங்கள் சென்சார் மாதிரியே தசையின் மின்சாரத்தை அளக்கும் முறை) வைத்து அளந்தபோதும் கான்சென்ட்ரேஷன் கர்ல்தான் முதலில் வந்தது. ஆனால் அங்கே யாருடைய கையும் வளர்ந்ததா என்று அளக்கவில்லை! சென்சார் பிடிப்பது தசை இழைகள் சுருங்கும்போது எழும் மின்சாரத்தை, அதுவும் தோல், கொழுப்பு எல்லாம் தாண்டி மேலே வந்து சேர்வதை மட்டும். முழங்கை மடங்கும்போது தோலில் ஒட்டிய எலக்ட்ரோடுக்கு (சென்சாரின் முனை) அடியில் தசை நகர்ந்துவிடும், பைசெப்ஸுக்கு அடியில் இருக்கும் பிராக்கியாலிஸ் என்ற தசையின் மின்சாரமும் கூடவே கலக்கும். அதனால் இரண்டு பயிற்சிகளில் கோணம் மாறினாலே எண்ணும் மாறும்.

மெட்ராஸ்_பார்பெல்:
அக்கா சொல்வதோடு இன்னொன்று. ஜப்பானில் மாயோ என்ற ஆய்வாளரின் குழு 21 பேரை வைத்து 12 வாரம் டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை) பயிற்சி கொடுத்தது. ஒரு கை தலைக்கு மேல், இன்னொரு கை உடம்பை ஒட்டி. தலைக்கு மேல் தூக்கிய கையில் எடை குறைவுதான், ஆனாலும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் லாங் ஹெட் (டிரைசெப்ஸின் நீளமான பகுதி) 28.5 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்ற கையில் 19.6. தசை நீண்ட நிலையில் சுமை விழுவதுதான் காரணமாக இருக்கும் என்று பேசப்படுகிறது, அந்த நீட்சி உங்கள் கோட்டில் தெரியாது. சின்ன எடையை இனி முடியாது என்கிற வரை அடித்தாலும் அப்படித்தான், இஎம்ஜி உயரம் குறைவாக இருக்கும், வளர்ச்சி கிட்டத்தட்ட அதேதான்.

டம்பெல்_தாஸ்:
அப்போ சென்சாரை ஓஎல்எக்ஸில் போட்டுவிடவா? 😄

பிசியோ_அக்கா:
அவசரப்படாதீர்கள். ஒரே பயிற்சியில், ஒட்டியதைக் கழற்றாமல், முதல் ரெப்பையும் (ஒரு தடவை தூக்கி இறக்குவது) கடைசி ரெப்பையும் ஒப்பிடுங்கள். களைக்கக் களைக்க அளவு ஏறுவது நன்றாகத் தெரியும். ஒட்டும் இடம் முக்கியம்: தோள்பட்டை நுனியிலிருந்து முழங்கை மடிப்புவரை கோடு போட்டு, மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே, இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே 2 செ.மீ. முடியை மழித்து ஸ்பிரிட்டால் துடையுங்கள். முதலில் கையை 90 டிகிரியில் மடக்கி, அசையாத எதையாவது முழு பலத்தோடு இழுத்து, அப்போது வரும் அளவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

மெட்ராஸ்_பார்பெல்:
கான்சென்ட்ரேஷன் கர்லையும் விடாதே நண்பா, சாய்ந்த பெஞ்சில் கையைப் பின்னால் தொங்கவிட்டு அடிக்கும் கர்ல் ஒன்றையும் சேர்த்துக்கொள். கை பெருக்கிறதா என்று பார்க்க டெய்லர் டேப் போதும், காலையில், பயிற்சிக்கு முன்னால் அள. பயிற்சி முடிந்த கையோடு தசை வீங்கியிருக்கும் பம்ப்பில் அளந்துவிட்டு இங்கே போட்டோ போடாதே.