30 நாள் கெடு, மின்னணுத் தாக்கல்: காகிதத்தை அடியோடு நிறுத்தலாமா?

பாரிமுனை குமாஸ்தா:
குற்றவியல் மேல்முறையீடுகளை மின்னணு வழியில் மட்டுமே வாங்க வேண்டும் என்று அம்பத்தூர் வழக்கறிஞர் நேற்று எழுதியிருந்தார். நான் ஒப்பமாட்டேன். காசோலை வழக்கில் மாஜிஸ்திரேட் ஓராண்டு தண்டனை விதித்தால், செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்பதால், மேல்முறையீடு செய்வதற்காக அந்த நீதிமன்றமே தண்டனையை நிறுத்தி வைக்கிறது. எங்கள் கட்சிக்காரருக்கு 28ஆம் நாள் பதிவேற்றினோம். தீர்ப்பு நகலில் 2 பக்கம் மங்கல் என்று திருப்பிவிட்டார்கள். சரிசெய்து மேல்முறையீட்டுக்கு எண் வாங்குவதற்குள் நிறுத்தி வைத்த நாட்கள் முடிந்துபோயின. வயதான மனிதர், மாற்று வேட்டியும் மாத்திரையும் அடங்கிய பையோடு வாசலில் நின்றார். நேரில் நீட்டியிருந்தால் அந்த இடத்திலேயே வேறு பக்கம் வைத்திருப்பேன்.

அம்பத்தூர் வழக்கறிஞர்:
ஐயா, காகிதக் கட்டையும் திருப்பத்தானே செய்தார்கள்? எத்தனை முறை அதே படிகளை ஏறியிருப்பீர்கள்! கவுன்ட்டர் மூடினால் அன்றைய நாள் போயிற்று. இப்போது குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு 11 மணிக்குப் பதிவேற்றுகிறேன். காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் கணக்கில் சேராது. அதையும் மீறித் தாமதமானால் 5ஆம் பிரிவில் மன்னிப்பு மனு போடலாம். 28ஆம் நாள்வரை ஏன் காத்திருந்தீர்கள்?

பாரிமுனை குமாஸ்தா:
கட்சிக்காரர் பணம் புரட்டிக்கொண்டு வந்ததே 26ஆம் நாள், அம்மா. 5ஆம் பிரிவு மனுவின் தாமதத்தை மன்னிக்கும். அதற்குள் அவர் சிறைக்குப் போய்விட்டால் அந்த நாட்களை யார் தருவார்கள்?

புழலில் தம்பி:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் தம்பிக்குச் செஷன்ஸ் நீதிமன்றம் 10 ஆண்டு விதித்தது. 41 நாள் ஆகிவிட்டது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை. எனக்குத் தெரிந்த ஸ்கேனர் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டதா?

பாரிமுனை குமாஸ்தா:
முடியவில்லை, தங்கச்சி. உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். சிறையில் இருப்பவர் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலே போதும், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 424ஆம் பிரிவு அது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலும் உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும். காவலில் இருப்பவர் என்பதால் சட்ட உதவி வழக்கறிஞரையும் கட்டணமின்றிக் கேட்கலாம். அம்பத்தூர் வழக்கறிஞரே, காகிதத்தை நிறுத்தினால் இந்தப் பிள்ளையின் மனு எந்த வழியாகப் போகும்?

அம்பத்தூர் வழக்கறிஞர்:
சிறை மனுவை நான் யோசிக்கவில்லை, அதை ஏற்கிறேன். "மட்டுமே" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்தக் காகிதத்தைச் சிறையிலேயே ஸ்கேன் செய்து அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்பதை விடமாட்டேன். தபால் பையில் அது ஒரு வாரம் கிடக்கக் கூடாது. சகோதரி, அடுத்த நேர்காணலில் தம்பியிடம் சொல்லுங்கள்: மனு கொடுத்த தேதியைப் போட்டு ஒப்புகை எழுதி வாங்கட்டும். இன்னும் 19 நாள் இருக்கிறது.