மனு எழுதும் முன் மனை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்

பூங்கா கேட்டு மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், நஞ்சை எல்லாம் மனையாகிப்போன பகுதி எங்களுடையது. குடியிருப்போர் சங்கத்தில் பூங்காவுக்கென்றே ஒரு குழு போட்டார்கள், நானும் சேர்ந்தேன். எங்கே போய்க் கேட்டாலும் "இடம் எங்கே சார் இருக்கு?" என்றுதான் பதில் வந்தது.

இடம் இருந்தது. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் குழு உறுப்பினர் ஒருவர்தான் இதை எடுத்துச் சொன்னார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனை பிரித்த லேஅவுட் வரைபடமும் தானப் பத்திர நகலும் கேட்டோம். இரண்டும் வந்தன. வரைபடத்தில் வாய்க்காலை ஒட்டிப் 'பூங்கா' என்று தெளிவாகப் போட்டிருந்தது. நேரில் போனால் வைக்கோல் போர், இரண்டு மாடு, ஒரு மூங்கில் படல்.

சர்வேயர் வந்து அளந்தார். மூலைக் கல் போருக்கு அடியில் கிடந்தது. மாடு கட்டியிருந்த பெரியவர் முன்பு அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர். "நான் சேறு மிதிச்ச மண்ணு தம்பி. இதுல சறுக்குமரம் வைக்கப் போறீங்களா?" என்றார். சட்டத்தைக் காட்டி அவரை விரட்டுவதில் எங்களில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. தாளடி, அதாவது இரண்டாம் போக நெல், அறுவடை முடியட்டும் என்று பொறுத்திருந்தோம். சங்கத்து இளைஞர்கள் போரைப் பிரித்து அவர் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் எங்களுக்கு வழிகாட்டியதே அவர்தான். "ஐப்பசி கார்த்திகையில இங்க தண்ணி தேங்கும். வேம்பு வச்சா வேரு அழுகிடும். நீர்மருது வைங்க, புங்கன் வைங்க" என்றார். நடைபாதையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அந்த உயரத்தைத்தான் அப்படியே மனுவில் எழுதிக் கொடுத்தோம். டெல்டாவில் பூங்கா கேட்கிறவர்கள் முதலில் தண்ணீர் வடியும் திசையைக் கேளுங்கள். களிமண்ணில் அது சரியாக அமையாவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பூங்கா சேறுதான்.

இன்னொன்று. என்னென்ன வேண்டும் என்று பேசிய கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா மாதிரி வேண்டும், நீரூற்று வேண்டும் என்றார்கள். பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகு பட்டியலே மாறியது. கழிப்பறை, விளக்கு, தெருவிலிருந்து உள்ளே பார்க்கிற மாதிரி கம்பி வேலி என்று வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அண்ணனுங்க கிரிக்கெட் ஆடுறப்ப எங்களுக்கு எந்த மூலை?" என்று கேட்டாள். நீரூற்றை எடுத்துவிட்டு ஷட்டில் கோர்ட் சேர்த்தோம்.

வேலி, நடைபாதை, கோர்ட் முடிந்துவிட்டது. கழிப்பறை இன்னும் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் எப்போது நடப்பது? வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் 'பகுதி சபை'யின் அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டையும் வைக்கப்போகிறோம். உங்கள் ஊரில் பூட்டும் நேரத்தை எப்படி மாற்றினீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.