பாஸ்புக்கில் இருந்த பணமும் இருமல் மருந்தும்

கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, மாநிலம் முழுமைக்கும் மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழியே மொத்தமாகக் கொள்முதல் செய்யும் முறை வந்தபின், ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்குரிய தொகை குறிக்கப்பட்ட பாஸ்புக் தரப்பட்டது. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை அதில் கழிந்துகொண்டே வரும். எதை எவ்வளவு எடுப்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் நிலையத்தில் இருமல் மருந்துக்கு எப்போதும் கூட்டம். வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த பாட்டிலை நீட்டுவார்கள், ஊற்றிக் கொடுப்பேன். அதனால் பெரிய பயன் இல்லை என்பது எனக்கும் தெரியும், ஆனால் மறுத்தால் சண்டை வரும்.

ஒரு பிப்ரவரியில் சர்க்கரை நோயாளியான மூதாட்டி ஒருவர் வந்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையின் இருப்பு குறைந்திருந்ததால், அட்டையைக் கத்தரித்து ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தேன். "வாரா வாரம் வந்தா என் நூறு நாள் வேலைக் கூலி என்னாகும் சாமி?" என்று கேட்டுவிட்டு, துண்டு அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்று மாலை பாஸ்புக்கையும் இருப்புப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். இருமல் மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் போன தொகையைத் தனியே கூட்டிப் பார்த்தபோது, இருவருக்கும் சற்று வெட்கமாகவே இருந்தது. அடுத்த ஆண்டு அவற்றைப் பாதியாகக் குறைத்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை முதலில் எடுத்தோம். பாம்புக்கடி மருந்தில் மட்டும் கை வைக்கவில்லை. விலை அதிகம், சில குப்பிகள் காலாவதியாகவும் செய்யும், ஆனாலும் விவசாயக் கூலிகள் நிறைந்த ஊரில் அதை வீண் செலவு என்று எழுத என்னால் முடியாது.

இதற்கு விலையும் கொடுத்தோம். காலிப் பாட்டிலோடு திரும்பியவர்கள் சிலர், "இங்க ஒண்ணுமே இல்ல" என்று சொல்லித் தனியார் கிளினிக்குகளுக்குப் போனார்கள். அவர்களுக்கு வேறு எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. மூதாட்டிக்கு மட்டும் அதன்பின் மூன்று அட்டைகளை முழுதாக எடுத்து நீட்டினேன், அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசந்தானே?" என்று இருமுறை கேட்டார்.