மறு: ‘கருப்புப் பூஞ்சை’க்கு மாற்றுச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கொரோனா தேறியவர்களைத் தாக்கிய ‘கருப்புப் பூஞ்சை’ நோய்க்குச் சரியான தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. தஞ்சாவூர் ஐயா ‘கரும்பூஞ்சை’ என்று சுருக்கினால் போதும் என்கிறார். திருவாரூர் நண்பர் ‘சளிப்பூஞ்சை’ என்கிறார். ஆங்கில மருத்துவப் பெயரான ‘மியூக்கார்மைகோசிஸ்’ என்றே எழுதிவிடலாம் என்று ஒரு கட்சி. மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை. கும்பகோணத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக நுண்ணோக்கி பார்ப்பவன் என்ற முறையில் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ‘கருப்பு’. இந்தப் பூசணம் கருப்பே இல்லை. தட்டில் வளர்த்தால் வெள்ளைப் பஞ்சாகப் பொங்கி வரும், அப்புறம் சாம்பலும் பழுப்புமாக மாறும். உடம்புக்குள் போனால் ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்ந்து அடைத்துவிடுகிறது. ரத்தம் போகாத சதை செத்துக் கருகுகிறது. கண்ணுக்குத் தெரியும் கருப்பு அந்தச் செத்த சதையின் கருப்பு. அது நோய் முற்றியபின் வருவது. மெலனின் நிறமி கொண்ட கரும்பூசணங்கள் உண்மையாகவே வேறு இருக்கின்றன. ‘கரும்பூஞ்சை’யை இதற்குக் கொடுத்துவிட்டால் அவற்றுக்கு என்ன பெயர் வைப்போம், ஐயா?

இந்தப் பெயர் ஒரு மனிதரைக் கெடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். 2021 மே மாதம். பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் என் தாய்மாமா, பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர், கொரோனா தேறி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆக்சிஜன் வைத்திருந்தபோது எழுதித் தந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்கிப் போட்டிருக்கிறார், “அதைப் போட்டாத்தான் தெம்பா இருக்கு” என்று. வலப்பக்க மேல்பல் வலித்தது. சொத்தை என்று நினைத்துக் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஓயாமல் ‘கருப்புப் பூஞ்சை’ ஓடியதால் அவருக்கும் பயம்தான். தினமும் காலையில் கொல்லைப்புறக் கண்ணாடி முன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்: “கருப்பா ஒண்ணும் இல்லப்பா, செவப்பாத்தான் இருக்கு.” நானும் சரி மாமா என்றேன். ஒருநாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் பிளேடு கிழித்தது அவருக்குத் தெரியவில்லை. பனியனில் ரத்தம் சொட்டியதைப் பார்த்து அத்தைதான் கத்தினார். கன்னம் மரத்துப் போயிருந்தது. அன்றைக்குச் சர்க்கரை 412. வலப்பக்க மேல்தாடையை எடுத்தார்கள். கண் தப்பியது. இன்றைக்கும் தகடு மாட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

‘சளிப்பூஞ்சை’ வேண்டாம். இலத்தீனில் ‘மியூக்கர்’ என்றால் பூசணம். சளியைக் குறிக்கும் ‘மியூக்கஸ்’ வேறு சொல். சளி என்று பெயரில் இருந்தால் ஜனங்கள் ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

‘பூஞ்சை’யிலும் எனக்கு ஒரு தயக்கம். நம் பக்கத்தில் ‘பூஞ்சை உடம்பு’ என்றால் நோஞ்சான் உடம்பு. ‘பூசணம்’ என்றால் யாருக்கும் ஐயம் வராது. ஊறுகாயில் பூசணம், தோசை மாவில் பூசணம், ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் குறுவை நெல்லில் பூசணம். கையை விட்டுக் கிளறினால் சூடும் முக்கல் வாடையும் அடிக்குமே, அது. மியூக்கர் கூட்டத்தில் இந்த நோயை அதிகம் உண்டாக்கும் ரைசோபஸ் வகைக்கு ‘ஒரைசே’ என்றே ஒரு பெயர் உண்டு. நெல்லினுடையது என்று பொருள். வைக்கோலிலும் எருக்குழியிலும் அதன் விதைத்தூள் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம். ரத்த வெள்ளணுக்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. சர்க்கரை எகிறி, அதன்மேல் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வெள்ளணு சோர்ந்துபோகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் புரதம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு அவிழ்ந்து பூசணத்துக்குத் தீனியாகிறது. ஆளுக்கு ஆள் ஒட்டுகிற நோய் இல்லை இது.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். வீட்டுக்கும் வார்டுக்கும் ‘மூக்குக்கண் பூசணம்’, எங்கே பார்க்க வேண்டும் என்று பெயரே சொல்லட்டும். ஆய்வறிக்கைக்கு ‘மியூக்கர் பூசணநோய்’. அறிக்கையில் எந்தப் பூசணக் கூட்டம் என்ற பெயர் கட்டாயம் வேண்டும். நோயாளியின் திசுவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மியூக்கர் கூட்டம் அகன்ற நாடா போல, குறுக்குச்சுவர் அரிதாக, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூசணம் மெலிந்து, கணுக்கணுவாகச் சுவர் வைத்து, கவட்டைக் குச்சி போலப் பிரியும். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கேட்கும் வோரிகோனசோல் மருந்து மியூக்கருக்குக் கேட்காது; மியூக்கருக்கு ஆம்போடெரிசின் மருந்தும் அறுவையும் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் நோயாளிக்குத் தவறான மருந்து போய்விடும்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து

*

தம்பி, வணக்கம்.

மாமா கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. ஆனால் அவர் கதையே உங்கள் சொல்லை மறுக்கிறதே. அவருக்குத் தொடங்கியது பல்லில். ‘மூக்குக்கண் பூசணம்’ என்று கேள்விப்பட்டிருந்தால் மூக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். நான் இந்த நோயாளிகள் இருந்த வார்டில் வேலை செய்த செவிலி. ஆடும் பல், ஒருபக்க முக வலி, கன்ன மரப்பு, ஒரு மூக்கு மட்டும் அடைப்பு, இரட்டைப் பார்வை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்தார்கள். ‘முகப் பூசணம்’ என்று மாற்றலாமா என்று யோசித்தேன், தேமல் என்று நினைத்துக் களிம்பு தடவிவிடுவார்கள்.

எங்கள் நாகப்பட்டினம் பக்கத்தில் மேலே ஆறின மாதிரி இருந்து உள்ளே குடைந்துகொண்டு போகும் புண்ணை ‘புரையோடிப் போச்சு’ என்போம். வார்டில் ஒரு பாட்டியிடம் நோயை விளக்கத் திணறியபோது அவரே சொன்னார், “பூசணம் மூஞ்சிக்குள்ள புரையோடிடுச்சுங்கிறியா?” அதுதான் பாட்டி என்றேன். ‘புரையோடும் பூசணம்’ சரிவருமா பாருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து

*

அக்கா,

என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் தந்தது நான் தேடியதைவிடப் பெரிய சொல். தோலின் மேல் படரும் தேமலையும் படர்தாமரையையும் ஒருபக்கம் ஒதுக்கி, திசுவுக்குள் குடைந்து இறங்கும் அத்தனைக்கும் அது பொருந்துகிறது. கடுமையான இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் நுரையீரலில் ஏறும் ஆஸ்பர்ஜில்லஸையும் ‘நுரையீரலில் புரையோடும் பூசணம்’ என்று சொல்லிவிடலாம். இன்னும் ஒன்று, மேலே சிவப்பாக இருந்தாலும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் என்று அந்தச் சொல்லே எச்சரிக்கிறது. மாமாவுக்கு அன்று தேவைப்பட்டது அதுதான்.

தஞ்சாவூர் ஐயா வினைத்தொகையாக்கி ‘புரையோடு பூசணம்’ என்று இறுக்கச் சொல்லக்கூடும். ‘ஓடு’ அங்கே வேற்றுமை உருபாகக் கேட்கும், கண்புரையோடு வந்த பூசணம் என்று ஆகிவிடும். ‘புரைப்பூசணம்’ என்றாலும் கண்புரை குறுக்கே வரும். ஓர் எழுத்து கூடினாலும் ‘புரையோடும்’ என்றே இருக்கட்டும்.

பதிவுக்கான வரைவு: புரையோடும் பூசணம் — எதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலில் திசுவுக்குள் குடைந்து பரவும் பூசணநோய். மியூக்கர் பூசணநோய் இதன் ஒரு வகை. கூடவே வார்டுச் சீட்டுக்கு நாலு வரி: காய்ச்சல் தேறியபின்னும் சர்க்கரையைத் தினமும் பாருங்கள். ஸ்டீராய்டை மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும் போடுங்கள். கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கே டெக்சாமெத்தசோன் நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகம் போனால் 10 நாள்தான். உடம்பு தேறும்வரை எருக்குழி, வைக்கோல் போர் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள். முகத்தில் ஒருபக்கமாக வலியோ வீக்கமோ மரப்போ வந்தால் நிறம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து