மலேசியக் கிண்ணத்தைக் கொடுத்தது போர்க்கப்பலா?

சிப்புட்காரன்:
பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். நேற்று ஒட்டுக்கடையில் தே குடிக்கும்போது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. மலேசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டி 1967ல்தான் தொடங்கியது என்று என் நண்பன் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் பால்மரம் சீவிய என் தாத்தா உயிரோடு இருந்தவரை அதை ‘கப்பல் கிண்ணம்’ என்றுதான் சொல்வார், ஒரு போர்க்கப்பல் கொடுத்ததாம். இது உண்மையா? இன்னொன்று, சிங்கப்பூர் வேறு நாடாயிற்றே, அது எப்படி நம் மாநிலங்களோடு ஆடியது?

பழைய திடல்:
தாத்தா சொன்னதுதான் சரி தம்பி. 1921ல் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கே வந்தது. போன இடமெல்லாம் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் இரண்டு கிண்ணம் கொடுத்தார்கள், ஒன்று காற்பந்துக்கு, மற்றது ரக்பிக்கு. அந்த வருடமே போட்டி தொடங்கிவிட்டது. முதல் இறுதி ஆட்டம் கோலாலம்பூரில், சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அப்போது பெயர் மலாயா கிண்ணம். உங்கள் நண்பர் சொல்லும் 1967 பெயர் மாறிய வருடம், அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கப்பலுக்கு ‘மலாயா’ என்று ஏன் பெயர் வந்தது தெரியுமா? அதைக் கட்டப் பணம் கொடுத்ததே பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள்தான். அந்தக் காலத்தில் அந்த அரசாங்கத்துக்கு வருமானம் எங்கிருந்து? வெள்ளீயமும் ரப்பரும்தானே. விடியுமுன் எழுந்து மரம் சீவினவர்கள், ஈயக் கொல்லையில் சேற்றில் நின்றவர்கள், இவர்கள் உழைப்பில் வந்த பணம் கப்பலாகப் போய் 1916ல் ஜட்லாண்ட் கடற்போரில் சண்டையும் போட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்து ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்திருக்கிறது. கிண்ணத்தைக் கொடுத்தவர்கள் என்று கப்பல்காரர்களை மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு மனசு ஒப்பவில்லை. அதில் நம் தோட்டத்துப் பங்கும் இருக்கிறது.

ஆறாம் நம்பர் லயம்:
இதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ரேடியோ இருந்தது இரண்டே வீட்டில். இறுதி ஆட்டத்தன்று அப்பா காலையிலேயே பேட்டரியை எல்லாம் கழற்றி வாசல் படியில் வெயிலில் அடுக்கி வைப்பார், சூடு ஏறினால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று. கோழி வந்து தட்டிவிடாமல் காவல் இருப்பது என் வேலை. 1970ல் பேராக் கிண்ணத்தை வென்றபோது அந்த ரேடியோவைச் சுற்றி முப்பது பேராவது நின்றிருப்பார்கள், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாகூட வந்து நின்றார். அதற்கப்புறம் நாங்கள் 1998 வரை காத்திருந்தோம். 28 வருடம்! திரெங்கானுவைப் பெனால்டியில் வென்ற அந்த ராத்திரி அப்பா இல்லை. 2000த்திலும் வென்றோம், 2018ல் மறுபடியும் அதே திரெங்கானு, மறுபடியும் பெனால்டி.

அப்புறம் ஆறுமுகத்தைச் சொல்லாமல் எப்படி? சிலாங்கூர் கோல்கீப்பர், ஸ்பைடர்மேன் என்றே பேர். நாங்கள் பேராக் கட்சிதான், சிலாங்கூர் ஜெயித்தால் சோறு இறங்காது, ஆனாலும் தோட்டத்துத் திடலில் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிற எவனும் ‘நான்தான் ஆறுமுகம்’ என்று கத்திவிட்டுத்தான் நிற்பான். 1988ல் சாலை விபத்தில் அவர் போய்விட்டார் என்று கேட்டபோது எங்கள் வீட்டில் யாரோ சொந்தக்காரர் போனது மாதிரிதான் இருந்தது.

ஜோகூர் மருமகள்:
சிங்கப்பூர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தொடங்கியபோது எல்லாமே பிரிட்டிஷ் ஆட்சிக்குள், அதனால் அது வேற்று அணியாகவே யாருக்கும் தெரியவில்லை. 1921 முதல் 1941 வரை சிங்கப்பூர் இல்லாத இறுதி ஆட்டமே கிடையாது! போருக்காக நின்ற போட்டி 1948ல் திரும்பியது. 1965ல் நாடு பிரிந்தபிறகும் பெரும்பாலும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1994ல் பகாங்கை 4-0 என்று வென்று கிண்ணத்தோடு போனவர்கள், டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் தகராறாகி விலகிவிட்டார்கள். மொத்தம் 24 முறை வென்றிருக்கிறார்கள், அதற்கு மேலே 33 முறை வென்ற சிலாங்கூர் மட்டும்தான். 1999ல் புருணைகூட வென்றிருக்கிறது, அதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

சிப்புட்காரன்:
எல்லாருக்கும் நன்றி. தாத்தா சீவிய தோட்டம் இப்போது முழுக்க செம்பனை, திடலில் மட்டும் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் இன்னும் நிற்கிறது. நண்பனிடம் 1921ஐக் காட்டிவிட்டேன், தே காசு அவன்தான் கொடுத்தான். ஆறாம் நம்பர் அண்ணே, அந்த ரேடியோ இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் போடுங்கள்.