மேலதிகாரி கேட்கும் ‘ஆகாத வேலை’: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

மேலதிகாரி ஆகாத வேலையைச் சொன்னால் எப்படிச் சமாளித்தீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள்.

காட்பாடி, தனியார் கல்லூரி விரிவுரையாளர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் பாடம் நடத்துவது இரண்டாம் பட்சம். அட்மிஷன் பிடிப்பதுதான் வேலை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் என்று ரூட் பிரித்துக் கொடுப்பார்கள். பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பெயரும் அப்பாவின் போன் நம்பரும் அடங்கிய பட்டியல் எப்படியோ நிர்வாகத்தின் கையில் இருக்கும். எப்படி என்று யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் நம் செலவு. ஆளுக்கு இத்தனை சீட் என்று இலக்கு, பிடிக்காதவர்களுக்கு மே மாதம் பாதிச் சம்பளம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டினால் இங்கே அது செய்தியே இல்லை.

ஒடுகத்தூர் தாண்டி ஒரு ஊரில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, “இன்னா சார், படிச்சவரு நீங்க, இந்த வெய்யில்ல ஊடு ஊடா வந்துகினு கீறீங்க? உள்ள வந்து மோர் குடிங்க” என்றார். அவர் பையன் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தான். எங்கள் கல்லூரிக் கட்டணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் படிவத்தில் ‘விருப்பமில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வருடம், இலக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார் முதல்வர். நான் மறுக்கவில்லை. “போகிறேன் சார். எந்த ரூட், பயணப்படி எவ்வளவு, இலக்கு குறைந்தால் சம்பளம் எவ்வளவு குறையும் என்பதை ஒரு ஆணையாகக் கொடுத்துவிடுங்கள். அதே தேதிகளில் பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாமும் இருக்கிறது. எது முதலில் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்” என்று கடிதம் கொடுத்தேன். ஆணை வரவே இல்லை. சம்பளப் பிடித்தத்தை யார் எழுத்தில் கொடுப்பார்கள்? என்னை உள்ளேயே உட்கார வைத்து, சேர்க்கை விசாரிப்பவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள். சம்பளம் முழுசாக வந்தது, இன்கிரிமென்ட் மட்டும் வரவில்லை. வெற்றியா தோல்வியா, நீங்களே சொல்லுங்கள். இப்போது வேறு இடம் பார்க்கிறேன். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன. யாருக்காவது வழி தெரியுமா?

ஆம்பூர், ஷூ கம்பெனி டைம் ஆபீஸ் (வருகைப் பதிவுப் பிரிவு)

சார், உங்களுக்கு வெயில், எங்களுக்கு ஷிப்மென்ட். கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் மேனேஜர் வந்து, “எல்லாரையும் வேலை முடிஞ்சு போறதா கார்டு பஞ்ச் பண்ணச் சொல்லிட்டு மறுபடி லைனுக்கு அனுப்பு” என்றார். அடுத்த வாரம் ஷூ வாங்கும் கம்பெனிக்காரர்களின் பையர் ஆடிட். ஓவர்டைம் கணக்கில் தெரியக் கூடாதாம். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பதுதான் நாங்கள் படித்தது. நியாயம் பேசியிருந்தால் மறுநாளே என் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “பஞ்ச் அடிச்சுட்டுப் போனவங்கள்ல யாருக்காவது தோல் வெட்டற கிளிக்கிங் மெஷின்ல கை மாட்டிக்கிட்டா, இ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ் பேப்பர்ல என்ன எழுதறது சார்? ஆளே உள்ள இல்லன்னு ரெஜிஸ்டர் சொல்லுது. கீழே என் கையெழுத்து.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று ஓவர்டைம் கணக்கிலேயே ஏறியது. பெண்களை ஊரில் இறக்கிவிட வேனும் நின்றது. எல்லா முறையும் இது பலித்ததா என்றால், இல்லை.

வேலூர் சொந்த ஊர், வேலை சென்னையில்

என் கதை சின்னது. வேலூர்க்காரன் என்றாலே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். எம்.டி.யின் மாமியார், மாமியாரின் தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று பட்டியல் நீண்டது. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களே வரிசையில் நிற்கிறார்கள், நான் யார்? ஆன்லைனில் பதிவு செய்யும் வழியைச் சொன்னேன், கேட்கவில்லை. கடைசியில், “வார நாளில் லீவு கொடுத்தால் போகிறேன் சார், ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது” என்றேன். லீவு என்றதும் விஷயம் முடிந்துவிட்டது.

ஆரணி, ஜவுளிக்கடை விற்பனையாளர்

சேல்ஸ் ஆட்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையில் ஸ்டூலும் வந்தது. உட்கார்ந்தால் மட்டும் சூப்பர்வைசர் அண்ணன் மடித்த புடவையைப் பிரித்துப் போட்டு, “இதை மறுபடி மடிம்மா” என்பார். நாங்கள் பெண்கள் பேசி வைத்துக்கொண்டோம். ஒருத்தி உட்கார்ந்தால் எல்லோரும் உட்காருவது. எத்தனை பேரை எழுப்புவார்?

ராணிப்பேட்டை, ஓய்வு பெற்ற தொழிற்சங்கக்காரர்

காட்பாடி தம்பிக்கு: லேபர் ஆபீசுக்கு அலையாதீர்கள். அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவு ஆம்பூர் தம்பிக்குத்தான் திறக்கும். ஆனால் சர்டிபிகேட் உங்கள் சொத்து, அதைப் பிடித்து வைக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது. ராஜினாமாவுக்கு முன்பே, இன்னின்ன சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது, திருப்பித் தாருங்கள் என்று பட்டியல் போட்டு எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். பெரும்பாலும் நோட்டீசிலேயே பீரோ திறந்துவிடும்.

காட்பாடி, தனியார் கல்லூரி விரிவுரையாளர்

நன்றி ஐயா. பட்டியல் எழுதிவிட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பிஎச்.டி. வரை எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. திங்கட்கிழமை கொடுக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுகிறேன்.